லீஜன் மண்டபத்துக் கதவும் எமது தயக்கமும்

ஒக்டோபர் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை தொடங்கி நவம்பர் 11ஆம் நாள் வரை, கனடாவின் கடைவாசல்கள் எங்கும் ஒரு காட்சியைக் காண்கிறோம். சிறிய மேசை. அதன்மேல் செந்நிறப் பொப்பி மலர்கள் நிறைந்த தட்டு. பக்கத்தில் காசுப் பெட்டி. மேசைக்குப் பின்னால், மார்பிலே பதக்கங்கள் அணிந்த முதியவர் ஒருவர். அவருக்கு அருகே பல வேளைகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மதிக்கத்தக்க சீருடைச் சிறுவனோ சிறுமியோ நிற்பதுண்டு. எமது பிள்ளைகள் காசு கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம். பிள்ளை மலரை இடது மார்பில் குத்திக்கொண்டு அந்த முதியவருடன் இரண்டு வார்த்தை கதைக்கத் தொடங்கியதும், "வா, நேரமாகிறது" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடந்துவிடுகிறோம்.

உண்மையில் அப்போது எமக்கு நேரம் ஆகியிருப்பதில்லை. அந்த அவசரம் எங்கிருந்து வருகின்றது என்பது பெற்றோராகிய எமக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலரில் மொழியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் எழுதுவதே வழக்கம். இம்முறை அந்த வழக்கத்திலிருந்து சற்று விலகி, நாம் வாழும் ஊரிலே உள்ள ஒரு மண்டபத்தைப் பற்றியும், அதற்குள் நுழைய எமக்கு உள்ள தயக்கத்தைப் பற்றியும் எழுத விழைகின்றோம். எழுதி முடிக்கும்போது மொழியிடமே திரும்பி வருவோம் என்பதையும் முற்கூட்டியே சொல்லி வைக்கின்றோம்.

அந்த மண்டபம் றோயல் கனேடியன் லீஜன் எனப்படும் முன்னாள் படைவீரர் அமைப்பின் கிளை மண்டபம். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பல்வேறு சிறு சங்கங்களாகப் பிரிந்து கிடந்த நிலையில், 1925ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வின்னிபெக் நகரில் கூடி ஒன்றிணைந்ததன் விளைவே இவ்வமைப்பு. கைகால் இழந்தவருக்கு ஓய்வூதியம் பெற்றுக் கொடுப்பதும், கணவனை இழந்த பெண்களுக்கு உதவுவதும் அதன் தொடக்ககாலப் பணிகளாக இருந்தன. இன்று நாடெங்கும் 1,300இற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளன. சிற்றூர்களில் தேவாலயத்துக்கும் அஞ்சலகத்துக்கும் அடுத்தபடியாக ஊரார் கூடும் இடம் இதுவே. கலியாண விருந்தும் இங்கேதான் நடக்கும். செத்தவீட்டுக்குப் பிந்திய தேநீரும் இங்கேதான் நடக்கும். வாடகைக்கு மண்டபம் தேடி அலைந்த காலத்தில் எம்மவர் சிலரும் பிறந்தநாள் விழாக்களை இத்தகைய மண்டபங்களில் நடத்தியதுண்டு. சுவரில் தொங்கிய படங்களைத்தான் நாம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அங்கே பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆண்டுதோறும் பாடசாலை மாணவரிடையே நினைவுநாள் குறித்த கட்டுரை, கவிதை, சுவரொட்டிப் போட்டிகளை லீஜன் நடத்துகின்றது. கிளையில் வென்ற ஆக்கம் மாகாணத்துக்கும், பின்னர் நாடு தழுவிய தெரிவுக்கும் செல்லும். பதினாறு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான தடகளப் போட்டிகளையும் இவ்வமைப்பே நாடளாவிய முறையில் நடத்தி வருகின்றது. பல கிளைகள் கடெற் அணிகளுக்குத் துணை நிற்கின்றன. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர் கட்டணமின்றிச் சேரக்கூடிய கடல், தரை, வான் என்னும் மூவகை அணிகள் அவை. வரைபடம் பார்த்துக் காட்டில் வழி கண்டுபிடிக்கவும், முதலுதவி செய்யவும், நாற்பது பேர் முன்னிலையில் நின்று பேசவும் அங்கே பழக்குகிறார்கள். வான் அணியில் தகுதி பெற்ற ஒரு மாணவி, மோட்டார் வண்டி ஓட்டும் உரிமம் எடுக்கும் வயதில், இயந்திரமில்லா வானூர்தியைத் தனியே ஓட்டிவிடுகிறாள். காற்றுத் துப்பாக்கியால் இலக்குச் சுடும் பயிற்சியும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று.

இவற்றையெல்லாம்விட எமக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. போருக்குப் போய் வந்த மனிதர் ஒருவர் பிள்ளைகளின் முன்னால் ஒரு நாற்காலியில் அமர்ந்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறார். 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மெமரி புரொஜெக்ற்' என்னும் திட்டத்தின்கீழ் முன்னாள் வீரர்கள் வகுப்பறைகளுக்கே வருகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் மாத்திரம் 45,000இற்கும் மேற்பட்ட கனேடியர் மாண்டனர். அப்போரிலிருந்து மீண்டவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. இப்போது வருபவர்கள் பெரும்பாலும் சைப்பிரஸிலும் பொஸ்னியாவிலும் அமைதிகாக்கும் பணி செய்தவர்கள், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியவர்கள். அவர்களிற் சிலர் எம்மைவிட இளையவர்கள்.

இனி எமது தயக்கத்துக்கு வருவோம்.

சிலருக்கு அது மதுச்சாலை உள்ள இடம் என்பதே போதிய காரணம். உண்மை, ஒரு மூலையில் மது விற்கிறார்கள். எமது கலியாண மண்டபங்களில் அந்த மூலை இல்லையா என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஆதலால் இதை இவ்வளவில் விடுகின்றோம்.

வேறு சிலர், "அது வெள்ளைக்காரரின் மண்டபம், எங்களை யார் மதிக்கப் போகிறார்கள்" என்பார்கள். இதை அத்தனை எளிதில் தள்ளிவிட முடியாது. 1993ஆம் ஆண்டு நினைவுநாளன்று, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சறே நகரில், இரண்டாம் உலகப் போரிற் பணியாற்றிய சீக்கிய வீரர்கள் தலைப்பாகை அணிந்திருந்த காரணத்தால் லீஜன் கிளையொன்றினுள் அனுமதிக்கப்படவில்லை. இறந்த தோழருக்கு மரியாதையாக மண்டபத்தினுள் தலையில் எதுவும் அணியலாகாது என்பது அவர்களின் விதி. சமயத் தலையணியைக் கிளைகள் யாவும் ஏற்க வேண்டும் என்ற யோசனையை அடுத்த ஆண்டு நடந்த மாநாட்டில் பேராளர்கள் தோற்கடித்தார்கள். சமயத் தலையணிக்கு அவ்விதி பொருந்தாது என்ற நிலைப்பாடு பின்னாளில் வந்தது. அந்த மாற்றம் தானாக வரவில்லை. கதவடைக்கப்பட்ட சீக்கிய முதியவர்கள் விடாமல் கேட்டதனால் வந்தது. கதவுக்கு வெளியே நின்று மதிப்பில்லை என்று முணுமுணுப்பவருக்கும், உள்ளே வருவோம் என்று உரிமை கேட்பவருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது தயக்கமே எம் எல்லோருக்கும் பொதுவானது. அது சீருடை. அந்த நிறத் துணியைக் கண்டதும் எம்முள் ஏதோ ஒன்று சுருங்குகின்றது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி வெயிலில் நின்றவர்களுக்கு, சுற்றிவளைப்பின்போது கோயில் வீதியில் வரிசையாக இருத்தப்பட்டவர்களுக்கு, இரவில் பூட்ஸ் சத்தம் கேட்டு விளக்கை அணைத்தவர்களுக்கு, 'ஆமிக்காரன்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அந்தப் பொருளை அகராதி மாற்றிவிடாது. ஒன்ராறியோவில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பிறகும், பொலிஸ் வாகனம் பின்னால் வந்தால் கை நடுங்குபவர்கள் எம்மிடையே உள்ளனர். இந்த அச்சத்தை எள்ளி நகையாட எமக்கு உரிமையில்லை. நாமும் அதை உடையவர்களே.

இதனோடு ஒட்டிய இன்னோர் அச்சமும் உண்டு. பிள்ளையைப் பிடித்துப் போருக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதே அது. கடைக்குப் போன பிள்ளை திரும்பாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். கடெற் அணியிற் சேருவோர் கனேடியப் படையின் உறுப்பினர் அல்லர். பின்னர் படையிற் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இது சட்டநிலை. ஆயினும் சட்டநிலையைச் சொன்னால் மாத்திரம் தாய்மனம் ஆறிவிடாது என்பதையும் அறிவோம். பிள்ளை எதிற் சேரலாம், எதிற் சேரக்கூடாது என்று தீர்மானிப்பது பெற்றோரின் உரிமை. கடெற் அணியில் சேருங்கள் என்று இக்கட்டுரை கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலும் ஒரு காலத்தில் கடெற் அணிகள் இருந்தன என்பதை மூத்தவர்கள் நினைவுகூரக்கூடும். அதுவும் வேறு காலம்.

நாம் கேட்பது இவ்வளவே: போரைக் கண்ட முதியவர் ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் இடத்திலிருந்து எமது பிள்ளைகளை அப்புறப்படுத்த வேண்டாம். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் வெற்றிக்கதை அன்று. 1994இல் ருவாண்டாவில் ஐக்கிய நாடுகள் படைக்குத் தலைமை தாங்கிய கனேடியத் தளபதி ரொமேயோ டலேர், தாம் தடுக்க முடியாமற்போன படுகொலை தம் மனத்தை எப்படிச் சிதைத்தது என்பதை நாடறியச் சொன்னவர். சிறுவர்கள் போரில் ஈடுபடுத்தப்படுவதைத் தடுக்கும் பணியிலேயே தமது பின்னாளைச் செலவிட்டு வருபவர். தளபதியாக இருந்தவர் தம் காயத்தைக் காட்டிப் பேசிய பிறகு, சாதாரணச் சிப்பாய்களும் பேசத் தலைப்பட்டார்கள். அத்தகைய பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை போர்மீது ஆசை கொள்ளும் என்று நாம் நம்பவில்லை.

எமது பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்போட்டிக்காகச் சுவரொட்டி வரைய விரும்பினாள். கிளை மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் முன்னாள் வீரர் ஒருவர் பிள்ளைகளைச் சந்திப்பதாக ஆங்கிலப் பாடசாலையில் அறிவித்திருந்தார்கள். தாயார் அழைத்துச் சென்றார். தாம் உள்ளே போகவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் வண்டிக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் இருந்தார். "உள்ளே போய் அந்த உடுப்பைப் பார்க்க எனக்கு ஏலாது, ரீச்சர்" என்று பிறகு எம்மிடம் சொன்னார். உள்ளே இருந்தவர் அன்று சீருடை அணிந்திருக்கவில்லை என்பதும், கம்பளிச் சட்டையோடு வந்து பிள்ளைகளுக்குக் கோப்பி விசுக்கோத்துப் பரிமாறினார் என்பதும் மகள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

அவர் பொஸ்னியாவில் பணியாற்றியவராம். தெருவில் ஷெல் விழுந்தபோது ஒரு வீட்டின் நிலவறையில் முன்பின் அறியாத குடும்பத்தோடு ஓர் இரவு முழுவதும் இருந்ததையும், அந்த வீட்டுப் பாட்டி இருட்டிலே தடவித் தடவித் தனக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்ததையும் சொன்னாராம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அந்தப் பிள்ளை தன் அம்மம்மாவைப் பார்த்து, "அம்மம்மா, நீங்களும் நிலத்துக்குக் கீழே ஒளிச்சு இருந்தனீங்களோ?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்த வீட்டில் அதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மம்மா முதலில் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு பேசினார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து மக்கள் வெள்ளமாகப் புறப்பட்டபோது, மழையிலே, சைக்கிளில் அரிசி மூட்டையையும் மாமியாரையும் வைத்துத் தள்ளிக்கொண்டு செம்மணி வெளியைக் கடந்ததைச் சொன்னார். அதற்கு முன்பு முற்றத்து மாமரத்தடியில் வெட்டிய பங்கருக்குத் தென்னங்குற்றி அடுக்கியதைச் சொன்னார். பேத்திக்குப் 'பங்கர்' விளங்கியது, 'தென்னங்குற்றி' விளங்கவில்லை. 'இடப்பெயர்வு' விளங்கவில்லை. அடுத்த ஞாயிறு எமது வகுப்புக்கு வந்து அந்த இரண்டு சொற்களுக்கும் பொருள் கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் வீட்டுப்பாடம் தவிர்ந்த ஒன்றுக்காகத் தமிழ்ச் சொல் கேட்டு அவள் வந்தது அன்றுதான். மொழியிடம் திரும்பி வருவோம் என்று சொன்னோமல்லவா?

பிள்ளைகளே, உங்களுக்கென்று ஒரு வரலாற்றையும் இங்கே சொல்கின்றோம். லெனர்ட் பேர்ச்சல் என்பவர் ஒன்ராறியோவிலுள்ள சென் கத்தரின்ஸ் நகரிற் பிறந்த விமானி. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் கனேடிய வான்படையின் 413ஆம் அணியோடு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். காலிக்கு அருகே கொக்கலை வாவியிலிருந்து நீர்விமானங்கள் புறப்படும். வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 4ஆம் நாள் இலங்கைக்குத் தெற்கே வெகுதூரத்தில் கடலின்மேல் சுற்றிக்கொண்டிருந்தபோது, யப்பானியரின் பெரும் போர்க்கப்பல் அணி இலங்கையை நோக்கி வருவதைக் கண்டார். கண்டதை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவருடன் சென்றோரில் மூவர் மாண்டனர். எஞ்சியோர் சிறைப்பிடிக்கப்பட்டு, போர் முடியும்வரை யப்பானில் கைதிகளாக இருந்தனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஆயினும் முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தபடியால் கொழும்பு உறக்கத்தில் அகப்படவில்லை.

சிறை முகாமிலே பேர்ச்சல் செய்ததுதான் எமக்கு இன்னும் பெரிதாகப்படுகின்றது. நோயுற்ற கைதிகளை வேலைக்கு அனுப்ப மறுத்தார். அதற்காக அடியும் உதையும் பெற்றார். 2004ஆம் ஆண்டு கிங்ஸ்ரன் நகரில் காலமானார். ஒன்ராறியோவில் வான் கடெற் அணியொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றது. உங்கள் பாட்டனாரின் தந்தையார் திருகோணமலையில் குண்டுச் சத்தம் கேட்டு உள்ளூருக்கு ஓடியவராக இருக்கக்கூடும். அந்தச் சத்தத்துக்கு ஐந்து நாள் முன்பு அதைத் தடுக்க முயன்றவர் நீங்கள் வாழும் மாகாணத்தவர். இதை உங்கள் ஆங்கில வகுப்பில் எழுதுங்கள். ஆசிரியருக்கே புதிதாக இருக்கலாம்.

இன்னொரு செய்தி பெற்றோருக்கு. ஒவ்வோர் ஆண்டும் போரிலோ பணியிலோ மகனையோ மகளையோ இழந்த ஒரு தாயை லீஜன் தெரிவு செய்கின்றது. 'வெள்ளிச் சிலுவைத் தாய்' என்பது அவருக்குரிய பெயர். நவம்பர் 11ஆம் நாள் ஒட்டாவாவிலுள்ள தேசிய போர் நினைவுச் சின்னத்தில், பிள்ளையை இழந்த தாய்மார் அனைவரின் சார்பிலும் அவர் மலர்வளையம் வைப்பார். தொலைக்காட்சியில் அதைப் பார்க்கும்போது, எந்த நாட்டுத் தாய், எந்தப் படையில் பிள்ளை இருந்தான் என்பதெல்லாம் எமக்கு மறந்துபோகின்றது. நவம்பர் எமக்கும் விளக்கேற்றி அழும் மாதம். 2009 மே மாதத்தின் பின்னர் எமது வீடுகளில் எத்தனை தாய்மார் படத்துக்கு முன்னால் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி நாற்காலி போட எம்மிடம் ஒரு மண்டபம் இல்லை.

இங்கேதான் எமது குறை இருக்கின்றது. லீஜனைப் பற்றி ஆயிரம் குற்றம் சொல்லலாம். ஆனால் போரிலிருந்து மீண்டவன் வீட்டு மூலையில் தனியே இருக்கக்கூடாது, ஊர்ப்பிள்ளைகள் அவனைத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்தார்கள். எமது முதியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நிலக்கீழ் அறைகளில் தொலைக்காட்சி முன்னால் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையை எமது பள்ளிக்கு அழைத்து வந்து, வகுப்பு முடியும்வரை தாழ்வாரத்தில் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே சுவரோரம் நிற்கிறார்கள். அவர்களுள் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஷெல் காயங்களுக்குக் கட்டுப்போட்ட தாதிமார் இருக்கிறார்கள். வலை இழுத்தவர்களும் வயல் விதைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆயுதம் ஏந்திப் பின்னர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதவர்களும் இருக்கக்கூடும். அவர்கள் நிற்கும் தாழ்வாரத்துக்கு அப்பால், மூடிய கதவுக்குள், 'எமது வரலாறு' என்னும் பாடத்தைப் புத்தகத்திலிருந்து நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம். எமக்கே வெட்கமாக இருக்கின்றது.

எல்லோரையும் பேச வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சிலருக்கு நினைவு என்பது மீண்டும் அதே இடத்துக்குப் போய் நிற்பது. தூக்கம் கெடும். அத்தகையோர் பேசாமல் வெறுமனே வந்து பிள்ளைகளோடு இருக்கட்டும். வலைமுடிச்சுப் போடக் காட்டட்டும், கடதாசியில் பட்டம் கட்டிக் கொடுக்கட்டும். பேச விரும்புவோருக்கும் ஓர் எல்லை வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்லலாம், பதினாறு வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்லலாம் என்பதை ஆசிரியரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். வீரம் பேசிக் கைதட்டல் வாங்கும் மேடையாக அது மாறிவிடக்கூடாது. எமது சமூகத்தில் அதற்கு மேடைகள் ஏற்கெனவே போதியளவு உள்ளன. மாற்றாரை இழித்துப் பேசும் இடமாகவும் ஆகக்கூடாது. பிள்ளை கேட்க வேண்டும், முதியவர் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எனவே வரும் ஆண்டில் இரண்டு காரியங்களைச் செய்ய எண்ணியுள்ளோம். முதலாவது, பெற்றோர் இசைந்தால், நவம்பர் மாதத்தில் எமது உயர் வகுப்பு மாணவர்களை அருகிலுள்ள லீஜன் கிளைக்கு அழைத்துச் செல்வது. விரும்பாத பெற்றோரின் பிள்ளைகள் அன்று வழமையான வகுப்பில் இருப்பார்கள். அவர்களை எவரும் குறை சொல்ல மாட்டோம். பெற்றோரும் உடன் வரலாம். வண்டிக்குள்ளேயே இருக்க விரும்புபவர்கள் இருக்கலாம். அவர்களுக்கும் கோப்பி கொண்டுவந்து கொடுப்போம்.

இரண்டாவது, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாடவேளையில் தாழ்வாரத்துக் கதவைத் திறந்து, காத்து நிற்கும் முதியவர்களை வகுப்பறைக்குள் அழைப்பது. முதல் நாளுக்கு ஐந்து நாற்காலிகள் போதும் என்று நினைக்கின்றோம். மேலே சொன்ன அம்மம்மா ஒரு நாற்காலிக்கு இசைந்துவிட்டார், பேத்தி பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மிகுதி நான்குக்கும் உங்கள் வீட்டு மூத்தவர்களின் பெயர்களை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.